ஒரே ஒரு கேமரா

"சார், இருக்கறது ஒரே ஒரு கேமரா. எங்க மாட்டணும்னு நீங்களே சொல்லிடுங்க. நாளைக்கு எங்க தலையை உருட்டக் கூடாது" என்று நாசூக்காகக் கையைக் கழுவினார் மாநகராட்சி என்ஜினியர்.

இன்ஸ்பெக்டருக்கு எரிச்சலாக வந்தது. கம்பம் மாநகராட்சியுடையது, கேமரா போலீசுடையது. விளக்கு எரியாததற்கு மட்டும் இருவருமே பொறுப்பில்லை! அந்த இருட்டில்தான் போன வாரம் தெருமுனையில் டீச்சரம்மாவின் கழுத்துச் செயினை பைக்கில் வந்த எவனோ அறுத்துக்கொண்டு போனான். கீழே விழுந்ததில் பின்மண்டையில் அடி. அந்த அம்மாள் இன்னும் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய கணவரின் கையைப் பிடித்து, "அவனை உங்க முன்னாடி கொண்டு வந்து நிறுத்தறேன்" என்று இன்ஸ்பெக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கு இப்போது அவரைத் தூங்க விடாமல் படுத்தியது.

"முனையில மாட்டுங்க. அதான் நியாயம்" என்றார்.

"நியாயம்தான் சார். ஆனா எந்த வாசல்ல புகார் அதிகமோ அங்கதான் மாட்டணும்னு மேலிடத்து உத்தரவு. அதுல நம்ம தையல்காரம்மாவை யாரு மிஞ்ச முடியும்?"

மறுக்க முடியவில்லை. தெருவின் நடுவில், முன்னறையில் தையல் மிஷினைப் போட்டுப் பிழைக்கிற அந்த அம்மாள் இரண்டு மாதமாக ஸ்டேஷனுக்கு நடந்த நடை கொஞ்சமல்ல. வாளியைக் காணோம், மழைக்கோட்டைக் காணோம், வாசலில் விட்ட செருப்பைக் காணோம். கடைசியாக, கைப்பிடியில் நீல டேப் சுற்றிய இஸ்திரிப் பெட்டியைக் காணோம் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். "இந்தத் திருடனுக்கு வேற வீடே கிடைக்கலையாம்மா?" என்று ஏட்டு கேலி செய்தபோதும் அவள் சிரிக்கவில்லை.

உத்தரவு உத்தரவுதான். அவள் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் ஏணியைச் சாத்தி லைன்மேன் ஏறினார். தையல்காரம்மா கீழே நின்று அவரைப் பாடாய்ப் படுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் கீழ திருப்புங்கண்ணே. தெரு வேண்டாம், என் வாசப்படி தெரியணும்."

"உங்க வாசப்படியில என்ன தங்கமா கொட்டிக் கெடக்கு?"

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய மகன்தான், பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவன், எழுந்து வந்தான்.

"சார், எங்கம்மா பேச்சைக் கேட்டு இங்க மாட்டறீங்களே! வாளி காணோம்னாக்கூட ஸ்டேஷனுக்கு ஓடறவங்க. டீச்சரம்மா அடிபட்டது முனையிலதானே? அங்க வெச்சாலாவது நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்."

இன்ஸ்பெக்டருக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. "உன்னை மாதிரி எல்லாரும் யோசிச்சா எங்க வேலை பாதி கொறஞ்சிடும் தம்பி. நான் என்ன பண்றது, மேலிடத்து உத்தரவு" என்று தோளில் தட்டிக் கொடுத்தார். அவன் சலித்துக்கொண்டே பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனான்.

அவன் போன திசையையே அம்மாக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றினார். கேட்காமலே தையல்காரம்மாவின் முன்னறைக்குள் போய், "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றார்.

"என்னாச்சு சார்?"

"டீச்சரம்மா போயிட்டாங்க."

அவள் கையிலிருந்த சொம்பு தரையில் உருண்டது. தண்ணீர் அவர் பூட்ஸ் வரை ஓடி வந்தது. அவள் அதைத் துடைக்கக்கூடக் குனியவில்லை.

உட்கார இடம் தேடிய இன்ஸ்பெக்டர், பெஞ்சில் கிடந்த துணிக் குவியலை ஒதுக்கினார். அடியில் ஓர் இஸ்திரிப் பெட்டி. கைப்பிடியில் நீல டேப். தொட்டுப் பார்த்தால் இன்னும் சூடு ஆறவில்லை. தலையைத் தூக்கினார். கதவுக்குப் பின்னால் ஆணியில் காணாமல் போன மழைக்கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"திரும்பக் கெடச்சுதா?"

"காணாமப் போகவே இல்ல சார்" என்றாள் மெதுவாக.

"அப்ப வாளி? செருப்பு?"

"எல்லாம் உள்ளதான் இருக்கு."

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. "அங்க ஒரு உயிர் போயிருக்கு! இருந்த ஒரே கேமராவை, வாய் கூசாம பொய்யைச் சொல்லி உங்க வாசலுக்கு இழுத்துக்கிட்டீங்களே! அந்தப் படுபாவி மறுபடி முனைக்கு வந்தா நான் எதை வெச்சுப் பிடிப்பேன்? அந்த மனுஷனுக்கு என்ன பதில் சொல்வேன்?" என்று கத்திக்கொண்டே வெளியே வந்தார். "யோவ் லைன்மேன், அதைக் கழட்டுய்யா! உத்தரவை நான் பாத்துக்கறேன். முனையில கொண்டு போய் மாட்டு."

தையல்காரம்மா ஓடி வந்து ஏணியின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"கழட்டாதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவன் முனைக்கு வர்றதே இந்த வாசப்படியிலேருந்து எறங்கித்தான். பெத்தவ நான், என் வாயால சொல்ல முடியல. கேமராவாவது காட்டிக்குடுக்கட்டும்னுதான் புகார் மேல புகாராக் குடுத்தேன்... அது வந்து சேர்றதுக்குள்ள டீச்சரம்மா போயிட்டாங்களே!"