பெரிய ற

ஜெபமணி டீச்சர் வீட்டு வாசலில் நின்ற பேனரை அவருடைய தங்கை நிமிர்ந்து பார்த்தார். "இரங்கலை இறங்கல்னு போட்ருக்கே. அக்கா இருந்தா விரல் முட்டியப் பேத்திருப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பேனர் வைத்தவன் சுடலைக்கண்ணு. டீச்சரிடம் படித்தவன், இன்று ஊரே அஞ்சும் ரவுடி. அந்தப் பேச்சு அவன் காதில் விழுந்தது. பேனரில் அடித்திருந்த ரீப்பர் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

பிளக்ஸ் கடையின் கண்ணாடிக் கதவு நொறுங்கியது. சுடலைக்கண்ணு, கடைக்காரன் இன்பராஜின் பிடரியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். கீபோர்டு முழுக்க ரத்தம்.

"செத்த மூதி, எழுத்துகூடத் தெரியாதால?" கட்டையை ஓங்கினான்.

"நான் சரியாத்தான் போட்டேன் அண்ணாச்சி!" இன்பராஜ் கிழிந்த உதட்டைப் பொத்திக்கொண்டு அழுதான். "நீங்கதான, 'எங்க டீச்சருக்கே சின்ன ர போடுதியா, பெரிய ற போடுலே'ன்னு அறைஞ்சிய."

ஓங்கிய கை அப்படியே நின்றது.

இதே எழுத்துக்காக மூன்றாம் வகுப்பில் டீச்சர் மரஸ்கேலால் சுடலைக்கண்ணுவின் விரல் முட்டியில் அடிப்பார். சாயங்காலம் வீங்கிய அந்தக் கையிலேயே தேங்காய் மிட்டாயை வைத்து மூடிவிடுவார். தன்னை அடித்தவர்களில் அவன் திருப்பி அடிக்காத ஒரே ஆள் அவர்தான்.

கட்டையை இன்பராஜின் கையில் திணித்தான். தன் கையை நீட்டி, முட்டி மேலே தெரியும்படி திருப்பினான்.

"அடி."

"வேண்டாம் அண்ணாச்சி..."

"அடிக்கியா, இல்ல உன்னக் கொல்லட்டுமால?" என்று கத்திவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டான்.