படிவம் மேடமும் பதினேழாம் கேள்வியும்

"என்னம்மா இது? படிவத்தை இப்படிக் குட்டிச்சுவராக்கி வெச்சிருக்கீங்க?"

கேட்டவருக்கு ஆட்டிச ஆய்வு மையத்தில் படிவம் மேடம் என்றே பெயர். கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி விழுந்தாலும் பொறுக்க மாட்டார்.

எதிரே அம்மா. பக்கத்தில் பேச்சு வராத இருபது வயது மகள், சுவரைப் பார்த்து விரல்களை ஆட்டியபடி இருந்தாள்.

"'கடந்த மாதம் உங்கள் மகள் எத்தனை முறை கோபப்பட்டாள்?' இது எங்க கேள்வி. அதை அடிச்சிட்டு, 'எத்தனை பேர் உங்கள் மகளிடம் கோபப்பட்டார்கள்?'னு எழுதியிருக்கு. 'ஆட்களின் முகத்தைப் பார்க்கிறாளா?'ன்னு கேட்டா, 'ஆட்கள் அவள் முகத்தைப் பார்க்கிறார்களா?'வாம்! பதில் கேட்டா பாடம் நடத்துறீங்களா?"

எல்லாம் உருண்டை உருண்டையான எழுத்து.

"கேள்வி சரியாத்தானே மேடம் இருக்கு?"

மேடத்துக்குச் சுருக்கென்றது. "வேற படிவம் தர்றேன், ஒழுங்கா நிரப்புங்க. இல்லேன்னா ஆய்வுலேர்ந்து பேரை அடிச்சிடுவேன். இலவசப் பயிற்சியும் போயிடும்."

அந்தப் பயிற்சிக்காக இரண்டு வருஷம் நடையாய் நடந்தவள் அம்மா.

"ஒரு எழுத்தைக்கூட அழிக்க மாட்டேன் மேடம்."

"உங்க வீம்புக்கு வாயில்லாப் பொண்ணைப் பலி குடுக்காதீங்க!"

மேடம் மகளின் கோப்பைத் திறந்து, பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தார்.

"எழுதினது நான் இல்ல. அப்புறம் நான் எப்படி அழிக்க?" என்றாள் அம்மா. குரலில் பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது.

"பின்னே யாராம்?"

மகளின் விரலாட்டம் நின்றது. சட்டென்று மேடத்தின் கையிலிருந்த பேனாவை உருவினாள். கோப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

அதிலிருந்த பழைய படிவத்தில் பதினேழாம் கேள்வி: 'எழுத்தில் கேட்டால் புரியுமா?'

'புரியாது' என்று மூன்று வருஷத்துக்கு முன்பே குறித்திருந்தார் மேடம். அவர் கைப்படத்தான்.

அதன் கீழே மகள் நிதானமாக எழுதினாள். அதே உருண்டை எழுத்து.

'என்றைக்காவது என்னிடம் எழுதிக் கேட்டீர்களா?'

மேடம் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். பேனாவைத் திருப்பிக் கேட்கவில்லை.