வழி புரியாத இரண்டாம் பாகம்

வீடு மாறிப் போகும் அக்காவுக்காக மேசையில் பரப்பிய மூன்று பழைய வீடியோ கேம் கேசட்டுகளின் மேல், விளக்கம் சொல்லக் கையை வீசி, தம்பியே தேநீரைக் கொட்டிவிடுகிறான். நாற்பது வயதுக் கை, ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் நான்கு வயதாகிவிடுகிறது. அக்கா துணியை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைக்கிறாள். ஜன்னல் வெயிலில் கேசட் படங்களின் பேய்க்கோட்டைகள் ஈரமாக மின்னுகின்றன; சாட்டை வீரனின் மூக்கில் ஒரு சொட்டு தொங்குகிறது. அடுத்த அறையில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் கிர்ர் சத்தம். "ஒண்ணுதான் தருவேன். எது பிடிக்கும்?" "எதுனாலும் சரிடா." முப்பது வருடமாக இதே பதில்தான். சிறுவயதில் ஆடும்போதெல்லாம் தனக்காகத்தான் சகித்துக்கொண்டு கூட உட்கார்ந்தாளோ என்ற சந்தேகம் அவனை அரிக்கிறது. வக்கீல்போலத் தொண்டையைச் செருமுகிறான். "முதல் பாகம் கச்சிதம். மூணாவதுல இசை அள்ளும். ரெண்டாவதை விட்டுடு, வழியே புரியாத குப்பை." துடைக்கும் கை நிற்கிறது. அக்கா அந்தக் குப்பையை எடுத்து, அந்த நாள் பழக்கத்தில் அடிப்பக்கத்தைத் தூசி போக ஃபூ என்று ஊதி, கைப்பையில் போட்டுக்கொள்கிறாள். "ரெண்டாவதுதான்டா பிடிக்கும். மத்த ரெண்டையும் நீயே தனியா முடிச்சிட்டே. இதுலதான் வழி தெரியாம என்னைக் கூப்பிட்டே."