தொட்டி இறங்கிய இடம்

கிரேனில் தொங்கியபடி வெந்நீர்த் தொட்டி எமல்டாவின் வீட்டு மொட்டைமாடிக்கு மேலே ஏறியபோது ஏற்காட்டில் அந்தத் தெருவே அண்ணாந்து பார்த்தது. பல வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி முதுகைக் கெடுத்துக்கொண்டவள் அவள். தொட்டியின் வெந்நீரில் கழுத்துவரை மூழ்கும் நினைப்பிலேயே காலையிலிருந்து சாப்பிடவில்லை.

தொட்டியைப் பொருத்த வந்த இன்ஜினியர் ஹசீனா தளத்தைத் தட்டிப் பார்த்தாள். “தண்ணி நிரப்பி நாலு பேர் உக்காந்தா, குட்டியானை வண்டிய லோடோட மாடியில நிறுத்துன மாதிரிக்கா. தாங்காது.”

“அதெல்லாம் தாங்கும். நான் கட்டுன வீடு” என்றார் எமல்டாவின் கணவர் சவரிமுத்து.

எமல்டா கீழ்வீட்டுக்கு இறங்கிப் போனாள். தொட்டிக்குக் குறித்திருந்த இடத்துக்கு நேர் கீழே, வாடகைக்குக் குடியிருப்பவர்களின் குழந்தை தூளியில் உறங்கிக்கொண்டிருந்தது. அவள் வாசலுக்கு ஓடிவந்து கிரேன்காரரைப் பார்த்து இரண்டு கைகளையும் வீசினாள்.

“இங்கயே இறக்குங்கண்ணே.”

தொட்டி காற்றில் ஒருமுறை சுழன்று, கார் நிறுத்தும் சிமெண்ட் தரையில் வந்து அமர்ந்தது. எர்த் போட்டு, கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் மாட்டும்வரை இணைப்புத் தர முடியாது என்று ஹசீனா சொல்லிவிட்டாள். எமல்டாவுக்குப் பொறுக்கவில்லை. பச்சைத் தண்ணீரையே ஹோஸில் பிடித்து நிரப்பினாள். பனி இறங்கும் நேரத்தில் புடவையோடு உள்ளே அமர்ந்து, பற்கள் தந்தியடிக்க, “வாங்க” என்று எல்லோரையும் கூப்பிட்டாள். குழந்தையின் அம்மா சிரித்துக்கொண்டே இறங்கினாள். சவரிமுத்து வேட்டியை மடித்துக்கட்டி, விளிம்பில் ஒரு காலை வைத்தபடி நின்றார்.