கல்லெறியாதவன்

நான் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தேன். பியாஜோ என்னைப் பார்த்தபடி வந்தான்.

என்னை அல்ல. அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நான் பிடித்திருந்த, படம் தீட்டிய பலகையை.

தூக்குமரம் வரை கைதியின் கண்ணில் அந்தப் படம் மட்டுமே பட வேண்டும். தெருவோ கூட்டமோ கயிறோ படக் கூடாது. ஃபிளாரன்ஸில் அதற்கென்றே இருக்கிறது எங்கள் சபை. எல்லோருக்கும் கறுப்பு அங்கி. கண்ணுக்கு மட்டும் துளையிட்ட முகமூடி.

இன்று என் முறையல்ல. கேட்டு வாங்கிக்கொண்டேன்.

படத்தில் புனித முடியப்பர் மண்டியிட்டிருந்தார். தன் மேல் கல்லெறிபவர்களை மன்னிக்கும்படி கடவுளை வேண்டிக்கொண்டிருந்தார்.

“டேய் பியாஜோ, மேல போயி வானத்துக்கு நீலம் போடு!” கூட்டத்தில் யாரோ ஒருவன் கத்தினான்.

பியாஜோ சாயக்காரன். சண்டையில் ஒருவனைக் குத்திக் கொன்றுவிட்டு ஒளிந்திருந்தான். நீதிபதியை மன்னித்துவிட்டான். காவலர்களை, தூக்கிலிடப் போகிறவனைக்கூட. ஒருவன்தான் பாக்கி. ஒளிந்திருந்த இடத்தை எழுதி, பெயர் போடாமல் நீதிமன்றத்துப் புகார்ப் பெட்டியில் போட்டவன்.

அவனையும் மன்னிக்காமல் ஏணியில் ஏறினால் ஆன்மாவுக்குக் கதியில்லை.

நகர வாசலைத் தாண்டிவிட்டோம்.

“யாருண்ணே இவன், படத்து மூலையில? கல்லே எறியல.” பியாஜோ கேட்டான்.

“சவுல். எறியறவங்க கழட்டிப் போட்ட துணிக்குக் காவல்.”

“ஓ. கையில அழுக்குப் படாத ஆளு.”

“பின்னாடி அவரும் புனிதராயிட்டாரு.”

பியாஜோ சிரித்தான். பலகையின் தங்கப்பூச்சில் அவன் மூச்சு படிந்தது.

“நல்லா இருக்கே. துணிக்குக் காவல் இருந்தவனுக்கு மோட்சம். ஆயுசு பூரா துணிக்குச் சாயம் போட்டவனுக்குக் கயிறு.”

பின்னால் ஜெபப் பாட்டு பாடிக்கொண்டு வந்த சபையார் நிறுத்தினார்கள். தூக்குமரத்து ஏணி என் முதுகில் இடித்தது.

அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரி. அந்தக் கடுதாசிக்காரனையும் மன்னிச்சேன். பேரு தெரியாது. அவனுக்குப் போய்ச் சேருமாண்ணே?”

“சேந்தாச்சு.”

சொல்லியிருக்கக் கூடாது.

அவன் பார்வை படத்தை விட்டு எழும்பி என் முகமூடியின் துளைகளுக்கு வந்தது. அங்கேயே நின்றது.

மன்னித்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவனுக்கு இன்னும் நேரமிருந்தது.

“பலகையை இன்னும் கிட்ட வைங்கண்ணே,” என்றான்.