வாசனை இல்லாத பொடி

“கிராம்பு போட மறந்துட்டியா?”

இஸ்ஸே அண்ணி அன்றைக்கு என்னைக் கேட்ட கேள்வி அது. என் முழங்கால்களுக்கு நடுவே பாயில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் திருப்பவில்லை.

நான் மடியிலிருந்த கிண்ணத்தில் பொடியையும் எண்ணெயையும் இன்னொரு முறை குழைத்தேன்.

எங்கள் ஊர் மோங்கோவில் வடக்குக் காற்று தொடங்கிவிட்டால் உதடும் முடியும் ஒன்றாக வெடிக்கும். பத்து நாளைக்கு ஒருமுறை ஷெபே பொடி தடவிப் பின்னாவிட்டால் முடி காய்ந்த புல்லைப்போல கையோடு வந்துவிடும். அண்ணிக்கு இடுப்புக்குக் கீழே முடி. அதை நான்தான் பார்த்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து நின்றபின் எனக்கென்று இருந்த வேலை அது ஒன்றுதான்.

ஷெபே விதை, செர்ரிக்கொட்டை, கிராம்பு, வாசனைப் பிசின். தனித்தனியாக வறுத்து, உரலில் இடித்து, துணியில் மூன்று முறை சலிக்க வேண்டும். பேசத் தேவையில்லாத வேலை.

நான் எதையும் மறக்கவில்லை. அன்றைக்கு விதையை மட்டும் இடித்தேன்.

வெறும் மண் வாசனைதான் வந்தது.

பக்கத்து வீட்டு குப்ரா அக்கா தனக்கும் கொஞ்சம் பொடி வாங்கிப்போகக் கிண்ணத்தோடு வந்திருந்தாள். விரல் நுனியில் தொட்டு முகர்ந்து பார்த்தாள்.

“இது என்னடி, புருஷன் செத்தவ தலைக்குப் போடற பொடி மாதிரி இருக்கு? எங்காளு போனப்போ துக்கம் காக்கற நாலு மாசம் பத்து நாளும் வாசன இல்லாம இதத்தான் தடவிக்கிட்டுக் கெடந்தேன். ஒரு ஆட்டுக்கெடாகூட என் கிட்ட வரல.”

அண்ணி சிரித்தாள். அவள் தோள் குலுங்கியது என் முழங்காலில் தெரிந்தது.

குப்ரா அக்கா விடவில்லை. புருஷன் அங்கே தங்கம் தோண்டுகிறான், இங்கே பெண்டாட்டி தலைக்கு ஒரு பிடி கிராம்புக்கு வழியில்லையா என்று, முற்றத்தில் கூழ் கிண்டிக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். கிண்ணத்தைக் காலியாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஹம்தான் அண்ணன் தங்கம் தோண்டவில்லை.

பத்தொன்பது நாளுக்கு முன்னால், வடக்கே அவன் இறங்கிய குழி சரிந்துவிட்டது. கூடப் போனவன் ஒருவன் போனில் சொன்னான். அம்மா கேட்டு முடித்ததும், பக்கத்தில் நின்ற என் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். என் வாயைப் பொத்த வேண்டிய தேவையே இருந்ததில்லை. ஆனாலும் பொத்தினாள்.

உடம்பை யாரும் பார்க்கவில்லை, மண்ணை யாரும் அள்ளவில்லை, பார்க்காததை எப்படிச் சாவு என்பது என்றாள். அண்ணியிடம் சொல்லவும் இல்லை, துக்கப் பாய் விரிக்கவும் இல்லை. தினமும் சாயங்காலம் போனை என்னிடம் கொடுத்து, சார்ஜ் போட்டு வரக் கடைக்கு அனுப்பினாள்.

அதற்குள் அண்ணி இரண்டு முறை தலை பின்னிக்கொண்டுவிட்டாள். இரண்டு முறையும் கிராம்பைக் கூடுதலாகப் போடச் சொன்னாள்.

என்றைக்காவது வடக்கிலிருந்து லாரி வரும். அதில் குழி சரிந்ததைப் பார்த்த ஆள் வந்து இறங்குவான். அப்போது ஊர்ப் பெண்கள் நாளைப் பின்னோக்கி எண்ணுவார்கள். புருஷன் மண்ணுக்கடியில் கிடக்க, இவள் தலையில் வாசனை பூசிக்கொண்டு இருந்தாள் என்பார்கள். அந்தப் பேச்சு அவள் சாகும்வரை அவளை விடாது.

எனக்குச் சொல்ல வரவில்லை. தினமும் காலையில் அவள் முன்னால் போய் நின்றேன். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

அதனால்தான் விதையை மட்டும் இடித்தேன்.

அம்மா உள்ளே வந்தாள். கையில் கூழ் கிண்டிய துடுப்பு இருந்தது. அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, கிண்ணத்தை எடுத்து மூக்கருகே பிடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்திருக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

முக்காட்டு நுனியில் முடிந்து வைத்திருந்த கிராம்பை அவிழ்த்து நீட்டினாள்.

“இடிச்சுப் போடுடீ. அவன் வர்ற நேரத்துல இவ தலை இப்படியா இருக்கணும்?”

என் கை எழவில்லை.

அண்ணிதான் எழுந்தாள். பாதிப் பின்னல் பிரிந்து தோளில் விழுந்தது. அம்மாவின் விரல்களைக் கிராம்போடு சேர்த்து மடக்கினாள். மடக்கிய கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம்மா. அன்னிக்கு போனை மொதல்ல எடுத்தது நான்தான். எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான், யாரோ உங்களத் தேடறாங்கன்னு உங்க கையில குடுத்தேன்.”

அம்மாவின் உதடு பிரிந்தது. அண்ணி நிறுத்தவில்லை.

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லல. சரி, உங்களுக்காவது அவரு இன்னும் கொஞ்ச நாள் உசுரோட இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

சொல்லிவிட்டுக் கையை விட்டாள். மறுபடி வந்து என் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். முதுகைக் காட்டி, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தாள்.

நான் மண் வாசனைப் பொடியை அள்ளி, உச்சியில் படாமல், முடியின் நீளத்துக்கு இழுத்துத் தடவினேன்.

வெளியே கூழ் பொங்கி நெருப்பில் விழும் சத்தம் கேட்டது.

அம்மா துடுப்பை எடுக்கவில்லை. முக்காட்டை முகத்துக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். அடுப்பைத் தாண்டி, செருப்பைத் தாண்டி, வெறுங்காலோடு தெருவில் இறங்கிப் போனாள். அவள் கையிலிருந்த கிராம்பு வழியெல்லாம் சிந்திக் கிடந்தது.