வரிசையில் நின்ற கடிதம்

"க்யூவுல எத்தனை மெயில் நிக்குது, காட்டுய்யா."

மேனேஜர் இப்படிக் கேட்டதும், சர்வர் அறையின் குளிரிலும் அவனுக்கு வியர்த்தது. சும்மா வியர்வை இல்லை, நாலு செடிக்கு ஊற்றலாம்.

பதினோரு வருடத்தில் மேனேஜர் அந்த அறைக்குள் கால் வைத்ததே கிடையாது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கும் அவனை 'சர்வர்' என்றுதான் கூப்பிடுவார். அதைக் கேட்டுவிட்டு, புதிதாகச் சேர்ந்தவர்கள் அவனிடம் இரண்டு காபி சொல்லிவிட்டுப் போனதும் உண்டு. அப்பேர்ப்பட்டவர் இன்று தானாகவே வந்து, அவன் முதுகுக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆபீஸிலிருந்து எந்த மெயிலும் நேராக வெளியே போகாது. எங்கோ ஒரு கம்பெனியின் ரிலே கம்ப்யூட்டர் அத்தனையையும் வாங்கி, உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அன்று காலை அந்த ரிலே படுத்துவிட்டது. பதினொன்றரைக்குள் எழுப்பிவிடுவோம் என்று கம்பெனிக்காரர்கள் சத்தியம் செய்யாத குறை. அதுவரை அனுப்பிய மெயிலெல்லாம், பூட்டிய கேட்டுக்கு முன்னால் கூட்டம் மாதிரி க்யூவில் நின்றன.

அதில் ஒன்று அவன் அனுப்பியது. முதலாளிக்கு. மேனேஜரைப் பற்றி.

மனைவிக்குப் பிரசவ வலி என்று வந்த டிரைவரிடம், நீயா பெற்றுக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டு லீவை மறுத்தது. காய்ச்சலோடு வந்த ரிசப்ஷன் பெண்ணை நாள் முழுக்க நிற்க வைத்தது. பாத்ரூம் வாசலில் கடிகாரம் மாட்டியது. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதியிருந்தான். அனுப்புபவர் பெயர், நலம்விரும்பி. கறுப்புத் திரையில் கட்டளையாகத் தட்டி அனுப்பினால், அனுப்புபவர் பெயரை இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். தட்டி முடித்து, தன் மூளையைத் தானே ஐந்து நிமிடம் மெச்சிக்கொண்டான்.

அதற்கப்புறம்தான் உறைத்தது. அப்படித் தட்டுவதற்கு அந்த ஆபீஸில் இருப்பது ஒரே ஒரு அறை. அதற்கு ஒரே ஒரு சாவி. அது அவன் சட்டைப்பையில்.

போதாக்குறைக்கு ரிலே வேறு படுத்துக் கிடந்தது. கடிதம் போகவும் இல்லை, தொலையவும் இல்லை. அழித்துவிடலாம் என்று விரலை வைத்தபோதுதான் மேனேஜர் கதவைத் திறந்தார்.

சத்தமாகத் தும்மியதற்காகவே ஒருவனை வீட்டுக்கு அனுப்பியவர் அவர். வேலை போனால் அவனுக்கு இருக்கிற ஒரே வழி மாமனார் கடை. அந்த மாமனாருக்கு முன்னால் மேனேஜர் பச்சைக் குழந்தை.

ரிலே வந்ததும் எல்லாம் தானாகப் போய்விடும், நீங்கள் உங்கள் அறையில் இருங்கள், நான் வந்து சொல்கிறேன் என்று குழைந்து பார்த்தான்.

"காட்டுன்னா காட்டு."

காட்டினான். பட்டியல் திரையில் ஓடியது. ரயில் ஜன்னலில் மரங்கள் ஓடுவது போல வேண்டுமென்றே விரட்டினான்.

"நிறுத்து. மேலே போ. இன்னும் மேலே."

மேனேஜரின் விரல் திரையில் வந்து குத்தியது. விரலா அது, வாழைப்பழம். ஒரே குத்தில் நாலு வரி மறைந்தது. மறைந்த வரிகளில் நலம்விரும்பியும் இருந்தான்.

மேனேஜர் எழுந்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். திரும்பி வந்து அவன் காதருகே குனிந்தார்.

"இது முதலாளி கைக்குப் போனா என்ன ஆகும், தெரியுமா?"

தெரியாமல் என்ன? மாமனார் கடையில் பொட்டலம் மடிக்கிற தன் கைகள் இப்போதே அவன் கண்ணுக்குத் தெரிந்தன. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்துப் பேசினான். வந்தது அவன் குரல் இல்லை, கதவிடுக்கில் மாட்டிய எலியின் குரல்.

"சார், நான் புள்ளகுட்டிக்காரன் சார்."

"நான் மட்டும் என்னய்யா?" என்றார் மேனேஜர்.

அவன் திரும்பிப் பார்த்தான். மேனேஜரின் முகத்தில் அவனைவிட இரண்டு பங்கு வியர்வை.

காலையில் போனில் முதலாளி கன்னாபின்னாவென்று திட்டினாராம். ரோஷத்தில் இவர் ராஜினாமாவை எழுதித் தட்டிவிட்டாராம். ஒரு டீ குடித்தபின் புத்தி வந்ததாம். மெயில் எதுவும் போகவில்லை என்று யாரோ வராந்தாவில் முணுமுணுத்தது காதில் விழ, மாடிப்படியில் ஓடி வந்தாராம்.

"அதை மட்டும் எடுத்துடு தம்பி. வெளிய மூச்சு விடாதே."

பதினோரு வருடத்தில் முதல் 'தம்பி'.

அவன் பட்டியலை ஒருமுறை பார்த்தான். ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு அழிக்கும் கட்டளையைத் தட்டினான். ஒரு மெயில் அழிந்தது என்று திரை அறிவித்தது. மேனேஜர் அந்த வரியை மூன்று முறை படித்தார். விட்ட பெருமூச்சில் மேஜைக் காகிதங்கள் பறந்தன.

போன் அடித்தது. ரிலே எழுந்துவிட்டதாம்.

அவன் அனுப்பும் கட்டளையைத் தட்டி வைத்தான். "மத்ததை எல்லாம் தள்ளிவிடவா சார்?"

மேனேஜருக்கு உற்சாகம் தாங்கவில்லை. எதை அமுக்க வேண்டும் என்று கேட்டு, நகரு என்று அவனை ஓரங்கட்டி, முத்திரை குத்துவது போல என்டரில் ஓங்கி ஒரு குத்துவிட்டார். க்யூ ஒரு நொடியில் காலியானது.

அழிந்தது நலம்விரும்பியின் கடிதம். மேனேஜரின் ராஜினாமா, அவர் விரலாலேயே, முதலாளிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.